காத்திருப்பின் விலை: கல்லூரி மாணவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

திருவனந்தபுரத்தில், பட்டம் என்னும் பகுதியில் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தலைமை அலுவலகம் அமைந்துள்ளது. கேரள மாநிலம் உருவான 1956 நவம்பர் 1 முதல் இவ்வாணையம் இயங்கி வருகிறது. அரசுப் பணியை நாடும் லட்சக்கணக்கான இளைஞர்களின் கவனம் இந்த அலுவலகத்தின் அறிவிப்புகள் மீதே பதிந்திருக்கிறது. இதே நகரில் 1937இல் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகம் உண்டு. 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க் உண்டு. தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உண்டு. கல்விக்கும் வேலைக்கும் இடையே உள்ள தொலைவை அறிந்துகொள்ள இந்நகரைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறொன்று தேவையில்லை.

அத்தொலைவு எத்தகையது என்பதை மத்திய அரசின் தொழிலாளர் சக்தி ஆய்வு எடுத்துக்காட்டுகிறது. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஆய்வின்படி, 15 முதல் 29 வயது வரையுள்ளோரிடையே வேலையின்மை விகிதம் இந்தியா முழுமைக்கும் 10.2 சதவீதம், கேரளத்தில் 29.9 சதவீதம். கேரளத்தின் இளைஞர்களில் ஆண்களிடையே இது 19.3 சதவீதமாகவும், பெண்களிடையே 47.1 சதவீதமாகவும் இருந்தது. எழுத்தறிவில் நாட்டிற்கே முன்னோடியாக விளங்கும் ஒரு மாநிலத்தில் இந்நிலை இருப்பது சிந்தனைக்குரியது. தமிழ்நாடு உள்ளிட்ட பிற மாநிலங்களிலும் உயர்கல்வி பரவி வருவதால், கேரளத்தின் அனுபவம் மற்றவர்களுக்கும் பாடமாக அமைகிறது.

கல்லூரி மாணவர்களுக்குப் பணத்தைப் பற்றியும், படிப்பைப் பற்றியும், வேலை தேடுதலைப் பற்றியும் தனித்தனியே அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. உண்மையில் இம்மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பத்திகளே. அக்கணக்கில் செலவாவது ரூபாய் மட்டுமன்று, ஆண்டுகளும்தாம். மாணவனின் கையிலுள்ள மூலதனத்தில் பெரும்பகுதி அவனுடைய ஆண்டுகளே. அவற்றுக்கு விலை உண்டு என்பதை உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காத்திருப்பு ஏன் நிகழ்கிறது?

படித்தவர்களின் வேலையின்மை குறித்து மார்க் பிளாக், ரிச்சர்டு லேயர்டு, மோரீன் உட்ஹால் ஆகிய மூன்று பொருளியலறிஞர்கள் 1969இல் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். பட்டதாரிகளின் வேலையின்மை பெரும்பாலும் முதல் வேலைக்கான நீண்ட தேடலின் வடிவில் தோன்றுகிறது என்பது அவர்களுடைய கருத்தின் சாரமாகும். பட்டதாரி ஒருவர் கிடைத்த வேலையை உடனே ஏற்பதில்லை. தாம் எதிர்பார்க்கும் வேலை கிடைக்குமென்று காத்திருக்கிறார். காலம் செல்லச் செல்லத்தான் எதிர்பார்ப்பு மெல்லக் குறைகிறது.

இவ்வாறு காத்திருப்பதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அரசுப் பணியில் ஊதியமும், பணிப் பாதுகாப்பும், சமூக மதிப்பும் சேர்ந்து கிடைக்கின்றன. சிறிய தனியார் நிறுவனங்களில் தொடக்க ஊதியம் குறைவு, நிலைப்பும் உறுதியன்று. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருக்கும்வரை, காத்திருப்பது தனிமனித நோக்கில் நியாயமாகவே தோன்றும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவினர் உள்ள குடும்பங்களில் காத்திருக்கும் வசதியும் கூடுகிறது. மேலும், கேரள அரசுப் பணிகள் பலவற்றுக்குப் பொதுப் பிரிவினரின் உச்ச வயது வரம்பு 36. மத்தியக் குடிமைப்பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு இவ்வரம்பு 32. வாய்ப்புகள் ஆறு மட்டுமே. நீண்ட வயது வரம்பு பின்தங்கியோருக்கு உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கதவு நெடுங்காலம் திறந்திருப்பதாலேயே வாசலில் நிற்போர் அகன்று செல்ல மனம் கொள்வதில்லை என்பதும் உண்மை.

ஆண்டுகளின் கணக்கு

பொருளியலில் 'வாய்ப்பு இழப்புச் செலவு' என்றொரு கருத்து உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, கைவிட நேரும் மற்றொன்றின் பயனே அதன் உண்மையான விலை என்பது இதன் பொருள். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் பயிற்சிக் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் மட்டுமே செலவாகக் கருதுகின்றனர். ஈட்டியிருக்கக் கூடிய ஊதியத்தை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 22 வயதில் பட்டம் பெற்ற ஒருவருக்கு மாதம் ரூ.15,000 ஊதியத்தில் ஒரு வேலை கிடைக்கிறதென்று கொள்வோம். அதனை ஏற்காமல், மாதம் ரூ.6,000 செலவில் விடுதியில் தங்கி மூன்றாண்டுகள் முழுநேரமாகத் தேர்வுக்குப் படிக்கிறார். கையிலிருந்து செலவான தொகை ரூ.2,16,000. ஈட்டாமல் விட்ட ஊதியம் ரூ.5,40,000. ஆகவே மூன்றாண்டுக் காத்திருப்பின் விலை ரூ.7,56,000 ஆகும். இதனுடன் மூன்றாண்டுப் பணி அனுபவமும் இழப்பாகிறது. தேர்வில் வெற்றி பெற்றால் இந்த முதலீடு திரும்பிவிடும். வெற்றி பெறாவிடில், 25 வயதில் அனுபவமின்றி முதல் வேலையைத் தேட நேரிடும்.

வெற்றி வாய்ப்பின் அளவையும் அறிந்திருத்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டுக்கான மத்தியக் குடிமைப்பணித் தேர்வுக்கு 9,92,599 பேர் விண்ணப்பித்தனர். முதல்நிலைத் தேர்வை எழுதியோர் 5,83,213 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றோர் 14,627 பேர். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டோர் 2,845 பேர். இறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டோர் 1,009 பேர். அதாவது, எழுதியவர்களில் ஆயிரத்துக்கு இருவருக்கும் குறைவு. இப்புள்ளிவிவரம் எவரையும் அச்சுறுத்துவதற்காகத் தரப்படவில்லை. இத்தகைய போட்டியில் இறங்குவோர் இரண்டாவது வழியொன்றையும் கையில் வைத்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே தரப்படுகிறது.

இதற்கு எளிய முறை ஒன்று உண்டு. தயாரிப்பைத் தொடங்கும் நாளிலேயே அதன் முடிவு நாளையும் ஒரு தாளில் எழுதி, பெற்றோரிடம் தந்துவிட வேண்டும். 'இந்த மாதம், இந்த ஆண்டு வரை முழுநேரம். அதன் பின் வேலையில் இருந்துகொண்டே தேர்வு' என்று அதில் இருக்கட்டும். தோல்வியின் சோர்விலோ, சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழந்த ஆதங்கத்திலோ எடுக்கும் முடிவைவிட, தெளிந்த மனத்துடன் முன்பே எடுத்த முடிவு மேலானது.

பணம்: மூன்று செய்திகள்

மாணவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மூன்று மாதங்களுக்கு அன்றாடச் செலவை எழுதி வருவது. கைபேசி வழியே பணம் செலுத்தும் முறை வந்தபின், பணம் கையைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் ஒவ்வொரு செலவும் வங்கிக் கணக்கில் பதிவாகிறது. மாத இறுதியில் அப்பதிவைப் பார்த்து, உணவு, பயணம், புத்தகம், மற்றவை எனப் பிரித்தாலே எங்கே கசிவு என்பது விளங்கிவிடும். குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எல்லா வங்கிகளும் வழங்குகின்றன. வங்கியொன்றில் உள்ள வைப்புத்தொகைக்கு 2020 பிப்ரவரி முதல் ரூ.5 லட்சம் வரை காப்பீடும் உண்டு. கேரளத்தில் சிட்டி என்னும் சீட்டு முறை பரவலாக உள்ளது. மாநில அரசே 1969 முதல் ஒரு நிறுவனத்தின் வாயிலாக இதனை நடத்தி வருகிறது. பதிவு பெற்ற சீட்டு நல்ல சேமிப்பே. ஆனால் சீட்டை முன்னதாக எடுப்பது கடன் வாங்குவதற்கு ஒப்பாகும் என்பதையும், பதிவு பெறாத சீட்டில் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறத்தல் கூடாது.

இரண்டாவது, உதவித்தொகை. மேல்நிலைத் தேர்வில் தம் வாரியத்தின் உயர்ந்த 20 சதவீதத்தினருள் இடம்பெற்று, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு மேற்படாத மாணவர்களுக்காக மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைத் திட்டம் உள்ளது. இத்திட்டம் இளநிலைப் படிப்பின் முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ.12,000 வழங்குகிறது. விண்ணப்பம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மட்டுமே ஏற்கப்படும். ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தவறுவதாலேயே பலர் இதனை இழக்கின்றனர்.

மூன்றாவது, கல்விக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் 2001 முதல் நடைமுறையில் உள்ளது. ரூ.7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத ஏற்பாட்டின் கீழ்ச் சொத்து ஈடின்றிக் கடன் பெறலாம். பெற்றோர் உடன்கடனாளியாகக் கையொப்பமிடுவர். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இந்தச் சலுகையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். தவணைதான் நிற்கிறதே தவிர, வட்டி நிற்பதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ரூ.1 லட்சம் வீதம் ரூ.4 லட்சம், 10 சதவீத வட்டியில் பெறப்படுகிறது. ஐந்தாம் ஆண்டு முடியும்போது தனிவட்டி மட்டும் ரூ.1,40,000 ஆகிவிடும். கடன் ரூ.5,40,000 ஆக நிற்கும். பத்தாண்டுகளில் அதனை அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ ரூ.7,136. மாறாக, வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்தால், முதலாண்டில் மாதம் சுமார் ரூ.833, இரண்டாமாண்டில் ரூ.1,667, மூன்றாமாண்டில் ரூ.2,500, அதன்பின் ரூ.3,333 என ஆகும். அப்போது ஐந்தாண்டு முடிவில் கடன் ரூ.4 லட்சம் அளவிலேயே இருக்கும். தவணை ஏறத்தாழ ரூ.5,286. மாதத்திற்கு ரூ.1,850 குறைவு. பத்தாண்டில் இது ரூ.2,22,000 ஆகும். வேலை தேடும் இளைஞரின் தோளில் எவ்வளவு சுமை இருக்கும் என்பதை முதலாண்டில் கட்டும் ரூ.833 தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது.

குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதி பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி பயில்வோருக்காகத் தவணை தொடங்கும்வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த வித்யாலட்சுமித் திட்டம், தேர்ந்த உயர்கல்வி நிறுவனங்களில் இடம்பெறுவோருக்கு ஈடில்லாக் கடன் பெற வழி செய்தது. வங்கிக்குச் செல்லுமுன் இவற்றுள் எதற்குத் தகுதி உண்டென்று கேட்டறிதல் நலம்.

கைபேசிச் செயலி வழியே சில நிமிடங்களில் கிடைக்கும் சிறு கடன்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் விவரத் தாளைக் கடன் தருமுன்பே தர வேண்டும்; கடன் தொகை நேரே கடனாளியின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். விவரத் தாள் தராத எந்தச் செயலியையும் நம்புதல் கூடாது.

படிப்பு: நேரமன்று, முறை

எத்தனை மணி நேரம் படித்தோம் என்று பெருமை கொள்வது மாணவரிடையே வழக்கம். எவ்வாறு படித்தோம் என்பதே முதன்மையானது. நினைவாற்றலைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு முதற்கொண்டு, இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதன் பயன் அறியப்பட்டுள்ளது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர் மாணவர்களை இரு வகையாகப் பிரித்துச் சோதித்தனர். ஒரு சாரார் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மறு சாரார் ஒரு முறை படித்தபின் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதியவர்களே முந்தினர். தேர்வு என்பது ஐந்து நிமிடத்தில் வருவதன்று என்பதை நினைத்தால், எந்த முறை ஏற்றது என்பது விளங்கும்.

இதனை நடைமுறைப்படுத்துவது எளிது. ஒரு பாடத்தைப் படித்த அன்றும், மூன்றாம் நாளும், பத்தாம் நாளும் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். தேர்வாணையம் முந்தைய வினாத்தாள்களையும் விடைக் குறிப்புகளையும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அவற்றைப் படிப்பின் முடிவில் பார்ப்பதைவிடத் தொடக்கத்திலேயே பார்ப்பது நன்று.

பட்டப் படிப்பையும் போட்டித் தேர்வையும் இரு வேறு உலகங்களாக எண்ணுவது தவறு. வரலாறு, அரசியல், பொருளியல், புவியியல் ஆகியவற்றில் வகுப்பறைப் பாடமே போட்டித் தேர்வின் அடித்தளம். கல்லூரி நாட்களில் பாடத்தைப் புறக்கணித்துவிட்டுப் பின்னர் அதே பாடத்தைப் பயிற்சி நிலையத்தில் கட்டணம் செலுத்திப் படிப்பது, ஒரே பொருளுக்கு இரு முறை விலை கொடுப்பதாகும். கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப் படிப்பு முறையில் பணியிடப் பயிற்சிக்கும் இடம் உண்டு. அதனைச் சான்றிதழுக்கான சடங்காகக் கருதாமல், ஒரு தொழிலை உள்ளிருந்து காணும் வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

படிக்கும் இடத்துக்கும் பெருஞ்செலவு தேவையில்லை. திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள மாநில மத்திய நூலகம் 1829இல் தொடங்கியது. 1945இல் பி.என். பணிக்கரின் முயற்சியால் 47 நூலகங்களுடன் தொடங்கிய திருவிதாங்கூர் நூலகச் சங்கம் பின்னர் கேரளம் முழுவதும் ஊர்தோறும் நூலகம் என்னும் இயக்கமாக வளர்ந்தது. விலை கூடிய வழிகாட்டி நூல்களை வாங்குமுன், அவை அருகிலுள்ள நூலகத்தில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

வேலை தேடுதல்: பல வாயில்கள்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தால் வேலை தானே வரும் என்னும் எண்ணம் இன்னும் பல குடும்பங்களில் நிலவுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப்பின், படையிலிருந்து திரும்பியோருக்கு மறுவாழ்வு அளிக்க 1945இல் தொடங்கிய இப்பணி, 1948இல் அனைவருக்கும் திறக்கப்பட்டது. காலிப் பணியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்று 1959இல் சட்டம் விதித்தது. அறிவிப்பதுதான் கட்டாயம், பதிவு செய்தோரிலிருந்தே நியமிப்பது கட்டாயமாக்கப்படவில்லை. அலுவலகப் பட்டியலுடன் பொது விளம்பரத்தின் வழியாகவும் விண்ணப்பங்களைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு வழக்கில் கூறியது. எனவே பதிவு தேவை; ஆனால் அது மட்டும் போதாது. கேரளத்தில் 179 நாட்களுக்கான தற்காலிகப் பணிகள் இவ்வலுவலகங்கள் வழியே நிரப்பப்படுகின்றன. அவை நல்ல அனுபவம் தரும். மூன்றாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடும்.

தேர்வாணைய விண்ணப்பங்களுக்குக் கேரளத்தில் கட்டணம் இல்லை. ஒரு முறை சுயவிவரம் பதிவு செய்தால் அதிலிருந்தே எல்லாப் பணிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆயினும் தேர்வு எழுதுவதாக உரிய காலத்தில் உறுதி அளிக்காவிடில் விண்ணப்பம் தள்ளப்படும். தரவரிசைப் பட்டியலில் இடம்பெறுவதும் நியமனமும் ஒன்றல்ல. பட்டியலுக்குக் காலவரம்பு உண்டு. பட்டியலில் பெயர் இருப்பதனாலேயே நியமன உரிமை பிறந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தெளிவுபடுத்தியுள்ளது. பட்டியலில் பெயர் வந்தபின் மற்ற முயற்சிகளை நிறுத்திவிடுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாயில் தொழிற்பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் சேர்க்கப்பட்டனர். பின்னாளில் கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கும் வாய்ப்பு விரிந்தது. 2019ஆம் ஆண்டு விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது ரூ.9,000 உதவித்தொகை நிர்ணயித்தன. தும்பாவிலுள்ள விண்வெளி மையம் போன்ற நிறுவனங்களும் பட்டதாரிப் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. ஓராண்டு முடிவில் நிரந்தர வேலை உறுதியில்லை; ஆனால் அனுபவமற்றவர் என்னும் நிலை நீங்குகிறது. தனியார் நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தானே!

வெளிநாட்டு வேலையை நாடுவோர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற முகவர் வழியே மட்டும் செல்லுதல் வேண்டும். முகவர் பெறத்தக்க கட்டணத்துக்கு 2017இல் ரூ.30,000 என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. சரக்கு, சேவை வரி தனி. முகவரின் உரிமத்தை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சான்றிதழ்களுக்கு ஒப்புச்சான்று பெறத் திருவனந்தபுரத்தில் நோர்க்கா அமைப்பு உதவுகிறது.

ஆவணங்களில் கவனம்

ஆள்தேர்வு தொடர்பான பணியில் ஈடுபட்டிருந்த காலத்தில் கண்ட ஒரு நிகழ்ச்சி இன்றும் நெஞ்சில் நிற்கிறது. எழுத்துத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஓர் இளைஞர், இறுதி நாளுக்குப் பின்னர்த் தேதியிட்ட சாதிச் சான்றுடன் வந்திருந்தார். சான்று உண்மையானது, தகுதியும் உண்மையானது, தேதி மட்டுமே தவறு. விதியை மீற எவருக்கும் அதிகாரம் இல்லை. மூன்றாண்டு உழைப்பு ஒரு தாளின் தேதியில் வீணாயிற்று.

எனவே கல்லூரியின் இறுதியாண்டிலேயே ஆவணங்களைச் சீர்செய்துவிட வேண்டும். பள்ளியிறுதிச் சான்று, பட்டச் சான்று, ஆதார் ஆகியவற்றில் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த நாளும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பிற பிற்படுத்தப்பட்டோர் சான்றுக்கு மத்தியப் பணிகளில் தனி வடிவம் உண்டு. மாநிலப் பணிக்குரிய சான்று அங்கே செல்லாது. மத்தியப் பட்டியலும் மாநிலப் பட்டியலும் எல்லாச் சமூகங்களிலும் ஒத்திருப்பதில்லை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுக் கேரளத்தில் விண்ணப்பிப்போர், தேவைப்படும் பணிகளுக்கு இணைத்தன்மைச் சான்றை முன்கூட்டியே பெற்று வைத்தல் நலம். எல்லை கடந்து படிப்போர் மிகுந்த கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கும், திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது குறிப்பாகப் பொருந்தும்.

அலுவலர்களின் கடமை

இளைஞர்கள் மீது மட்டும் பொறுப்பைச் சுமத்துவது முறையன்று. தேர்வுக்கும் முடிவுக்கும், முடிவுக்கும் நியமனத்துக்கும் இடையே நீளும் ஒவ்வொரு மாதமும் இளைஞரின் கணக்கில்தான் செலவாக எழுதப்படுகிறது. காலிப் பணியிடங்களை உடனுக்குடன் அறிவித்தல், ஆண்டுத் தேர்வு அட்டவணையைப் பின்பற்றுதல், வருவாய்த்துறைச் சான்றுகளைக் காலத்தில் வழங்குதல் ஆகியவை வெறும் அலுவலக நடைமுறைகள் அல்ல. மனித ஆண்டுகளை மீட்டுத் தரும் பணிகள். பல்கலைக்கழக வேலைவாய்ப்பு வழிகாட்டி நிலையங்கள் வெற்றி பெற்றோரைப் பாராட்டுவதுடன் நின்றுவிடக் கூடாது. எத்தனை பேர் எழுதினர், எத்தனை பேர் தேறினர் என்னும் கணக்கையும் முதலாண்டு மாணவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். பெண்களிடையே வேலையின்மை ஏறத்தாழ இரண்டில் ஒன்றாக உள்ள நிலையில், பாதுகாப்பான விடுதியும், வீட்டுக்கு அருகில் பழகுநர் பயிற்சியும் அமைவது குறித்துத் தனிக் கவனம் தேவை.

அரசுப் பணி மேன்மையானது. அதற்காக உழைப்பதும் சிறப்பே. கடனின்றியோ குறைந்த கடனுடனோ பட்டம் பெற்ற மாணவர், காலவரம்பிட்டுத் தயாராகலாம். கையில் ஒரு தொழில் அனுபவம் உள்ளவர், தேர்வு முடிவை அச்சமின்றி எதிர்நோக்கலாம். முடிவு நாளை எழுதிக் கொடுத்த தாள் பெற்றோரின் அலமாரியில் இருக்கட்டும். அந்நாள் வருமுன் பணி கிடைத்தால் அத்தாளைக் கிழித்து எறியலாம். கிடைக்காவிடில், மறுநாள் காலை எங்கே செல்ல வேண்டும் என்பது அந்த இளைஞருக்கு முன்பே தெரிந்திருக்கும்.